நான்காவது கூட்டல்

"தாயே, கணக்குச் சரியாக வந்துவிட்டது. ஆனாலும் தூக்கம் வரமாட்டேன் என்கிறது."

சொன்னவர் ஆனைமுத்து, ஊர்த்தலைவர். ஐம்பத்தெட்டு வயது. போன ஐப்பசியில் ஆறு அவருடைய ஊரை வாரிக்கொண்டு போயிருந்தது. நாற்பது குடும்பங்களை எங்கே குடிவைப்பது என்று அவர்தான் முடிவு சொல்ல வேண்டும்.

கேட்டவள் உலகம்மை, துறவி. வயதில் அவருக்கு மகள் மாதிரி. அவர் அவளைக் குருவாக ஏற்று மூன்று வருடமாகிறது.

"எங்கே கணக்கு?"

சிலேட்டை நீட்டினார்.

"இடம் இரண்டு தாயே. ஒன்று மேடு, ஒன்று பழைய ஊர் இருந்த ஆற்றங்கரை. தண்ணீர், மண், வெள்ளத்துக்குத் தப்புவது, மூன்றிலும் இரண்டுக்கும் மதிப்பெண் போட்டேன். எது எவ்வளவு முக்கியமோ அதற்கு ஓர் எண் வைத்துப் பெருக்கிக் கூட்டினேன். கரைதான் வந்தது."

உலகம்மை சிலேட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அழித்து அழித்து எழுதிய தடம்.

"எத்தனை தரம் கூட்டினீர்கள்?"

"நாலு தரம்."

"முதல் மூன்றில்?"

"மேடு வந்தது." அவர் குரல் தணிந்தது. "தண்ணீருக்குக் கொஞ்சம் ஏற்றினேன். அப்புறம் மண்ணுக்கு. கடைசியில் வெள்ளத்துக்கு ஐந்து இருந்ததை ஒன்றாக்கினேன்."

"நான்காவதோடு ஏன் நிறுத்திவிட்டீர்கள்?"

ஆனைமுத்து மேல்துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"என் பேத்தி செங்கமலத்தைக் கரையில்தான் புதைத்திருக்கிறோம், தாயே. ஒன்பது வயது. அவளைத் தனியாக விட்டுவிட்டு..."

உலகம்மை அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பிறகு கேட்டாள்: "இதில் அவளுக்கு எவ்வளவு போட்டீர்கள்?"

"அவள் பெயரே இதில் இல்லையே."

"எழுதுங்கள்."

"ஊர்க் கணக்கில் எப்படி தாயே..."

"எழுதுங்கள் ஐயா."

எழுதினார். நான்காவது வரியாக, செங்கமலம். எழுத்து கோணியது. அவளுக்குப் பத்து போட்டார்.

அதற்கு நேர் மேலே வெள்ளத்தின் வரி இருந்தது. அதில் ஒன்று.

அவர் கண் இரண்டு வரிகளுக்கும் இடையில் ஏறி இறங்கியது. அவளைக் கொண்டுபோனதும் அந்த வெள்ளம்தான்.

விரலால் ஒன்றை அழித்தார். ஐந்து என்று எழுதினார். அதையும் அழித்துவிட்டுப் பத்து போட்டார்.

எழுந்துகொண்டார்.

"கூட்டிப் பார்க்கவில்லையா?"

"வேண்டாம் தாயே. மேட்டில் முள் வெட்ட ஆள் கூப்பிட வேண்டும்."

வாசல்வரை போனவர் நின்று, திரும்பாமலே சொன்னார்:

"அவளைப் பார்க்க நான் நடந்து போய்க்கொள்கிறேன்."