இல்லாத ஒன்றின் வேலை

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் தினமும் நூறு பேருக்கு மதியச் சாப்பாடு போடும் ஒரு தருமசாலை இருந்தது. அதை நடத்தியவர் தையல்நாயகி. வயது முப்பத்தொன்பது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த கலியமூர்த்தி அவரைவிட எட்டு வயது மூத்தவர். கணக்கு வாத்தியாராக இருந்தவர்.

கலியமூர்த்திக்குப் பிறவியிலேயே ஹீமோபிலியா. ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களில் ஒன்று, எட்டாவது காரணி என்பது, அவர் உடம்பில் இல்லை. அடிபடாமலே மூட்டுக்குள் ரத்தம் கசியும். முழங்கால் பந்துபோல் வீங்கும். அந்தப் புரதத்தையே ஊசியில் ஏற்றினார்கள். சில வருடங்களில் உடம்பு அதை எதிர்க்க ஆரம்பித்தது. பிறகு ஊசி பலிக்கவில்லை.

பந்தியில் பரிமாற வேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு மூலையில் உட்கார்ந்து இலை துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் புது ஊசி ஒன்றைப் பற்றிச் சொன்னார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டார். மறுநாள் தையல்நாயகி அவரை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். “எட்டாவது காரணியோட வேலை, வேற ரெண்டு காரணிகளைச் சேர்த்து வைக்கிறது. இவருக்கு அது இல்லாததால ரெண்டும் சேரல. இந்த மருந்து ரெண்டையும் பிடிச்சுப் பக்கத்துல கொண்டுவருது. ஆனா இது எட்டாவது காரணி மாதிரியே இருக்காது. அதனால உடம்போட பழைய எதிர்ப்பு இதைத் தொடாது.”

“நரம்புல போடணுமா?” என்று கேட்டார் தையல்நாயகி.

“இல்லம்மா, தோலுக்கு அடியில. முதல் நாலு வாரம் வாரத்துக்கு ஒண்ணு. அப்புறம் இடைவெளி விடலாம்.”

“ரத்தம் கசிய ஆரம்பிச்சுட்டா இதைப் போட்டு நிறுத்தலாமா?”

“முடியாது. இது வராம தடுக்கிறதுக்கு. வந்துட்டா வேற மருந்து. அதையும் எங்களைக் கேட்டுத்தான் போடணும். சில மருந்து இதோட சேர்ந்தா ரத்தம் குழாய்க்குள்ளயே உறைஞ்சுடும்.”

“நோய் போயிடுமா?”

“போகாது. போட்டுக்கிட்டு இருக்கிற வரைக்கும் காப்பாத்தும்.”

 கலியமூர்த்தி திரும்பும் பஸ்ஸில்தான் பேசினார்.

“அம்மா, இல்லாதது இல்லாமதான் இருக்கு. வேற எதுவோ வந்து அதோட இடத்துல நின்னு நடிக்குது. இதை எப்படி என் ஆரோக்கியம்னு சொல்லிக்கிறது?”



மறுநாள் பந்தி முடிந்ததும் தையல்நாயகி அவரைக் கூப்பிட்டார். “சாம்பார் எப்படி இருந்துதுன்னு சாப்பிட்டவங்களைக் கேட்டுட்டு வாங்க ஐயா.”

அவர் நொண்டி நொண்டிப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். “கொஞ்சம் வேற மாதிரி இருந்துதாம்.”

“தினமும் சமைக்கிற பச்சையம்மா இன்னைக்கு வரல. நான்தான் வச்சேன். வேற மாதிரிதான் இருக்கும்.”

கலியமூர்த்தி அவரைப் பார்த்தார்.

“யாராவது பசியோட எழுந்து போனாங்களா?”

“இல்லம்மா.”

தையல்நாயகி அண்டாவைக் கழுவப் போய்விட்டார். அந்த வாரம் கலியமூர்த்தி முதல் ஊசி போட்டுக்கொண்டார்.

ஏழு மாதம் ஆயிற்று. முழங்கால் ஒருமுறைகூட வீங்கவில்லை. முன்பே தேய்ந்துபோன மூட்டு என்பதால் நடையில் இழுப்பு மட்டும் இருந்தது. டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை ரச வாளியைக் கையில் எடுத்தார். பந்தியின் தொடக்கத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

“என்ன ஐயா?”

“ஒரு சந்தேகம்மா. இப்ப நடக்கிறது நானா, மருந்தா?”

தையல்நாயகி பந்தியைப் பார்த்தார்.

“மூணாவது இலைக்காரர் சோத்துல குழி பண்ணிட்டு உட்கார்ந்திருக்கார். போய் ஊத்துங்க.”