எட்டுக் கம்பக் கூடாரம்

வேட்டைக்குப் போக ஜமீன்தார் பெரிய கூடாரம் கேட்டார். இருபது பேர் படுக்க வேண்டும், ஆனால் வேலையாள் மாசானம் ஒருவனே அதை நட வேண்டும் என்பது உத்தரவு. காரியஸ்தர் சிதம்பரநாதர் தன் மைத்துனன் கடையிலிருந்து எட்டுக் கம்பக் கூடாரத்தைக் கொண்டுவந்து இறக்கினார்.

"ஒருத்தனே நட்டுடலாம், எஜமான். முடியலைன்னா இவனை வேலையை விட்டு அனுப்பிடுங்க."

மாசானம் எட்டுக் கம்பங்களையும் எண்ணிப் பார்த்தான். பிறகு பணிவாகச் சொன்னான்: "காரியஸ்தர் ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும், சாமி. ஐயாவே ஒரு தடவை நட்டுக் காட்டினா, பார்த்துப் பழகிக்கிடுவேன்."

நியாயம்தான் என்று ஜமீன்தார் நாற்காலியில் உட்கார்ந்தார். காரியஸ்தருக்கு வேறு வழியில்லை. ஒரு கம்பத்தை நிமிர்த்தினால் இன்னொன்று விழுந்தது. கடைசியில் கூடாரமே அவர்மேல் சரிந்தது.

"மாசானம், ஒரு கை பிடிடா" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

மாசானம் ஜமீன்தாரைப் பார்த்துக் கேட்டான்: "பிடிக்கலாமா சாமி? ஒரே ஆள்தான் நடணும்னு உத்தரவாச்சே?"

ஜமீன்தார் குலுங்கிச் சிரித்தார். "பிடி. அப்புறம் இதைத் திருப்பிக் கொடுத்துட்டு, உனக்குத் தோதானதை நீயே பார்த்து எடுத்துட்டு வா."

நடுவில் ஒரே கம்பம் உள்ள பெரிய கூடாரத்தை மாசானம் கொண்டுவந்தான். சுற்றிலும் முளை அடித்து, உள்ளே நுழைந்து கம்பத்தை நிமிர்த்தினான். கூடாரம் எழுந்து நின்றது. அதற்குள்ளேயே உட்கார்ந்து நிம்மதியாக மூச்சு விட்டான்.