மூல நட்சத்திரமும் ஆன்டிவைரஸும்

"மூல நட்சத்திரப் பொண்ணு, மாமனாருக்கு ஆபத்து வரலாம்" என்று ஜோசியர் அனந்தநாராயணன் சொன்ன ஒரே வார்த்தையில், கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் மரகதவல்லியின் கல்யாணம் நின்றது. மறுவாரமே ஜோசியரின் கம்ப்யூட்டரும் மக்கர் பண்ணியது. அவளைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

"உங்க ஜாதகப் புரோகிராமால ஆபத்து வரலாம்னு ஆன்டிவைரஸ் பிடிச்சு வெச்சிருக்கு. அழிச்சிடட்டுமா?"

ஜோசியர் எகிறினார். "இத்தனை வருஷத்துல அது யாருக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு? வரலாம்னு சொன்னா உடனே அழிச்சிடறதா? சொன்னது சுத்த முட்டாள்!"

வேறொரு பெண்ணின் ஜாதகத்தோடு அங்கே காத்திருந்தார், நின்றுபோன அந்தக் கல்யாணத்து மாப்பிள்ளையின் அப்பா. மரகதவல்லி அவரைப் பார்த்தாள். "கேட்டீங்களா மாமா?"

அவர் ஜாதகத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "அந்தப் புரோகிராமை விடும்மா. ஜோசியரே, எங்க ரெண்டு வீட்டுக்கும் அதுலயே நல்ல முகூர்த்தமாப் பாருங்க."