சென்னியப்பன் ஜெயித்த பந்தயம்

கரூரில் போர்வை ஏற்றுமதி செய்யும் சென்னியப்பனைத் தம்பதியர் ஆலோசனை மையத்துக்குக் கூட்டி வந்தவர் அவர் மனைவி ருக்குமணி. "இதிலயும் சரிப்படலேன்னா எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவனுங்க" என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்.

அங்கே ஆலோசகராக இருந்தவள் ஜெசிந்தா. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவளைப் பார்த்ததும் சென்னியப்பன் சிரித்தார்.

"பேசறதுக்கு ரெண்டாயிரம் ரூபாயா அம்மிணி? வீட்டுல அது சும்மாவே கிடைக்குது. இதுக்கு இவ்வளவு காசு தகும்னு என்னை ஒத்துக்க வை. முடியலேன்னா பணத்தைத் திருப்பிக் குடு."

ஜெசிந்தா அசரவில்லை. "சரிங்க ஐயா. அம்மா அஞ்சு நிமிஷம் பேசட்டும். அதை அப்படியே திருப்பிச் சொல்லிட்டீங்கன்னா பணம் உங்களுக்கே."

சென்னியப்பன் செல்போனை அணைத்துவிட்டு, நாற்காலியை மனைவி பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

ருக்குமணி மனதில் இருந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில், "எனக்கு ஆபரேஷன் நடந்த அன்னிக்கு நீங்க வரலே. பக்கத்துக் கட்டில்காரம்மாவோட வீட்டுக்காரர்தான் எனக்காகக் கையெழுத்துப் போட்டாருங்க" என்றார்.

சென்னியப்பன் எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார். கையெழுத்துப் போட்டதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

ஜெசிந்தா பணத்தை அவர் முன் வைத்தாள். "ஜெயிச்சுட்டீங்க ஐயா. அம்மா, இதையெல்லாம் வீட்டுல சொன்னதில்லையா?"

"எத்தனையோ தடவை சொல்லிட்டேன்" என்றார் ருக்குமணி.

"சும்மா கிடைச்சப்ப ஐயா காதுல விழலே. காசுன்னதும் ஒரு வார்த்தை தப்பலே."

சென்னியப்பன் பணத்தைத் தொடவில்லை. மனைவியைப் பார்த்து, "இன்னும் இருக்குதா?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க."

"சொல்லு."