இரட்டைக் கிளட்ச்

குருவுக்கு நாற்பத்தொரு வயது. சீடருக்கு அறுபத்து நான்கு.

குரு அப்போது ஒரு பழைய காருக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே தெரிந்தவை இரண்டு ரப்பர் செருப்புகளும் மடித்துவிட்ட பேண்ட்டின் ஓரமும்தான். போத்தனூரில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட பட்டறை அது. ரெஜினா என்று அவர் பெயரைச் சொன்னால் போதும், கோயமுத்தூரில் பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

பட்டறை முற்றத்தில் சீடர் தன் லாரியை ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்ற வேண்டிய இடம் வந்தது. லாரி கரகரவென்று அலறியது.

“பல் டாக்டர் வண்டியே பல்லைக் கடிக்குதுங்க” என்றார் பெயின்டர் காதர்.

காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. “கடிக்கலை பாய். கெஞ்சுது.”

டாக்டர் வரதராஜுலு எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். நாற்பது வருடம் ஊராரின் பற்களைப் பார்த்தவர். எத்தனையோ பேர் நாற்காலியில் உட்கார்ந்து அலறியிருக்கிறார்கள். எதற்கும் அவர் முகம் சுளித்ததில்லை. இந்தக் கியர் பெட்டிக்குள் பல் மீது பல் உரசும் சத்தம் மட்டும் அவருக்குத் தாங்கவில்லை.

கோத்தகிரியில் ஒரு தேயிலை ஆலைக்குப் பின்னால் கிடந்த அந்த லாரியை அவர் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. சுதந்திரம் வந்த அடுத்த வருடம் செய்த வண்டி. அடித்தட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு கொடி வளர்ந்து ஸ்டீரிங்கைச் சுற்றிப் பூத்திருந்தது. கொடியை வெட்ட மனமில்லாமல் வேரோடு பெயர்த்து ஒரு தொட்டியில் வைத்துவிட்டு, லாரியைக் கொண்டுவந்தார்.

ரெஜினாவிடம் “நீங்க செஞ்சு குடுங்க” என்று சொல்லவில்லை. “எனக்குச் சொல்லிக் குடுங்க” என்றார்.

கிளினிக்கை மகளிடம் விட்டுவிட்டு, தினமும் காலையில் பட்டறைக்கு வந்தார். துருவைச் சுரண்டினார். கார்புரேட்டரின் நுண்துளைகளை, பல் வேருக்குள் விடுகிற ஊசி அரங்களால் சுத்தம் செய்தார். ரெஜினா அதைப் பார்த்தார். மறுநாள் அந்த அரங்களில் இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்று சீடர் வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

இப்போது லாரியின் ஒவ்வொரு போல்ட்டும் அவருக்குத் தெரியும். ஓட்டத்தான் வரவில்லை.

அந்தக் காலத்துக் கியர் பெட்டி அது. தானாக இணங்கிக் கொடுக்காது. கிளட்ச்சை ஒருமுறை மிதித்து, எந்தக் கியரிலும் இல்லாத நடுநிலைக்கு வந்து, காலை எடுக்க வேண்டும். கியரைக் கூட்டினால் அங்கே கொஞ்சம் காத்திருக்க வேண்டும், குறைத்தால் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். உள்ளே சுழலும் இரண்டு பல்சக்கரங்களும் ஒரே வேகத்துக்கு வரும். அந்தக் கணத்தில் மறுபடியும் கிளட்ச்சை மிதித்து அடுத்த கியரைப் போட வேண்டும். முந்தினாலும் அலறும், பிந்தினாலும் அலறும்.

அன்று வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பழைய வாகனச் சங்கத்தின் மலைப் பயணம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை. வண்டியை வைத்திருப்பவரே ஓட்ட வேண்டும் என்பது சங்கத்தின் விதி.

விதி மட்டும் என்றால் டாக்டர் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டார். குப்புராஜ் என்றொரு ஹோட்டல்காரர் ஆறு மாதமாக இந்த லாரியைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஹோட்டல் வாசலில் நிறுத்துவதற்கு. எஞ்சினை எடுத்துவிட்டு, பானட்டுக்குள் மண் நிரப்பி, செம்பருத்தி நடுவதாகத் திட்டம்.

“உங்களுக்கு ஓட்டவும் வராது, எனக்குக் குடுக்கவும் மாட்டீங்க. என்னங்க நியாயம்?” என்று ஒரு கல்யாணப் பந்தியில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

டாக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஞாயித்துக்கிழமை குன்னூர் வரைக்கும் நானே ஓட்டிட்டுப் போறேன். போயிட்டா இனிமே நீங்க கேக்கக்கூடாது. போகலைன்னா அங்கேயே சாவியைத் தந்துடறேன்.”

பந்தியில் கைதட்டினார்கள். பாயசம் வந்தபோதுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

லாரிக்குள் செம்பருத்தி என்று நினைத்தாலே இப்போது அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, காருக்கு அடியில் நீட்டினார்.

“குருவே, கொஞ்சம் பாருங்க. இருபது கிலோமீட்டர் வேகத்துல ஒண்ணேகால் விநாடி காத்திருக்கேன். பதினஞ்சுல ஒண்ணரை. நாப்பது தடவை போட்டுப் பார்த்து எழுதியிருக்கேன். முப்பத்தொரு தடவை சத்தம் வருது. சரியான விநாடி எது?”

ரெஜினா வெளியே வந்தார். கையை ஒரு பழைய வேட்டித் துணியில் துடைத்தார். நோட்டை வாங்கி நிதானமாகக் கடைசிப் பக்கம் வரை படித்தார்.

“கையெழுத்து நல்லா இருக்குதுங்க டாக்டர். மருந்துக் கடைக்காரங்க குடுத்து வெச்சவங்க.”

“கேள்விக்குப் பதில்?”

ரெஜினா சுற்றிப் பார்த்தார். வண்டி இழுக்கும் கயிறு ஒன்று சுவரில் தொங்கியது. அதை எடுத்து ஒரு முனையைக் காதரிடம் கொடுத்தார். இருவரும் முற்றத்தின் இரண்டு பக்கமும் நின்று கயிற்றைச் சுழற்றினார்கள். கயிறு தரையில் பட்டு மேலே போய் மறுபடியும் தரையில் பட்டது. செம்மண் கிளம்பியது.

“உள்ளே வந்து அந்தப் பக்கமா வெளியே போங்க.”

“எனக்கு அறுபத்து நாலு வயசு. முழங்கால்ல...”

“குதிக்க வேண்டாம். நடந்து போனாப் போதும்.”

டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். கயிற்றை உற்றுப் பார்த்தார். உதடு அசைந்தது. “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று எண்ணிவிட்டு உள்ளே போனார். கயிறு காதில் விழுந்தது.

“மூணே கால்ல போயிருக்கணும்” என்றார் காதர்.

இரண்டாவது தடவை கண்ணாடி பறந்தது. மூன்றாவது தடவை கயிறு காலில் சுற்றிக்கொண்டது. டாக்டர் ஒற்றைக் காலில் நின்றார்.

“கொஞ்சம் மெதுவாச் சுத்துங்க குருவே.”

“மலை மெதுவாவா வரும்?”

கயிறு சுற்றிக்கொண்டே இருந்தது. டாக்டர் நின்றார். வெகுநேரம் நின்றார். எதிரே டீக்கடையில் டம்ளர் வைத்திருந்தவர்கள் குடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவருடைய உதடு அசைவது நின்றது. கொஞ்ச நேரத்தில் தலை மட்டும் லேசாக ஆடத் தொடங்கியது. பிறகு தோள்.

அப்புறம் அவர் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

அவருக்கே நம்பிக்கை வரவில்லை. திரும்பினார். மறுபடியும் உள்ளே போய் இந்தப் பக்கம் வந்தார். கயிறு படவில்லை. இன்னொரு முறை. இன்னொரு முறை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். டீக்கடையில் விசில் அடித்தார்கள். எட்டாவது முறை நடுவில் நின்று, முழங்காலை மறந்து, ஒரு குதி குதித்துவிட்டு வெளியே வந்தார்.

“போதும்” என்றார் ரெஜினா. “லாரியில ஏறுங்க.”

“இப்பவா? மூச்சு வாங்குது.”

“வாங்கட்டும்.”

அன்று மாலைக்குள் இருபது முறை கியர் மாற்றினார். நான்கு முறைதான் சத்தம் வந்தது. நோட்டைத் தேடியபோது அதை எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேட்டுப்பாளையத்தில் பதினெட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாமே பளபளத்தன. டாக்டரின் மனைவி கமலவேணி லாரியின் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தார். மடியில் புளிசாதம். நடுவில் ரெஜினா. கடைசியில் குப்புராஜ் தன் புதுக் காரில் வந்தார்.

“சாவி பத்திரமுங்க டாக்டர்” என்று கையசைத்தார்.

“செம்பருத்தி நாத்து பத்திரமுங்க” என்றார் கமலவேணி.

கல்லாறு தாண்டி மலை ஏறத் தொடங்கியது. முதல் கொண்டை ஊசி வளைவில் லாரி லேசாக முனகியது. கமலவேணி கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவதில் சத்தமில்லை. மூன்றாவதில் டாக்டர் பாடத் தொடங்கினார். ஆறாவது வளைவு வரை பாடினார்.

ஏழாவதில் ஒரு பஸ் இறங்கி வந்தது. டாக்டர் பிரேக்கை மிதித்தார். கியரைக் குறைக்கப் போனார். கரகரவென்று மலை முழுக்கக் கேட்டது. பஸ் போய்விட்டது. லாரி வளைவின் நடுவில் அணைந்து நின்றது. பின்னால் ஒன்பது பழைய வண்டிகளும் ஒரு புது வண்டியும் நின்றன. தடுப்புச் சுவரில் இருந்த குரங்குகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

பின்னாலிருந்து குப்புராஜின் ஹாரன் ஒருமுறை ஒலித்தது. மரியாதையாகத்தான்.

டாக்டர் பிரேக்கை இன்னும் அழுத்தி மிதித்தார்.

“குருவே, இந்த ஒரு வளைவு மட்டும் நீங்க ஓட்டிக் குடுங்களேன். யாருக்கும் தெரியாது.”

ரெஜினா கமலவேணியின் முழங்காலைத் தாண்டி இறங்கினார். சாலையோரம் கிடந்த பெரிய கல் ஒன்றை எடுத்து வந்து பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். மலையில் வண்டி நின்றால் எல்லோரும் செய்வதுதான்.

“பிரேக்கை விடுங்க. கல்லு தாங்கும்.”

விட்டார். தாங்கியது. சாவியைத் திருகினார். முதல் கியரில் லாரி ஒரு உறுமு உறுமி ஓர் அடி முன்னால் போனது. ரெஜினா கல்லை எடுத்துக்கொண்டார்.

“ஏறுங்க!” என்றார் டாக்டர்.

“நிக்காதீங்க! போங்க!”

நிற்கவும் முடியாது. நின்றால் மறுபடியும் கல், மறுபடியும் பயம். லாரி போய்க்கொண்டிருந்தது. பக்கக் கண்ணாடியில் ரெஜினா தெரிந்தார். கல்லைச் சாலையோரத்தில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். வளைவு திரும்பியது. அவரும் மறைந்தார்.

“போச்சு” என்றார் டாக்டர். “அவங்க இல்லாம எப்படி?”

“முன்னாடி பாருங்க” என்றார் கமலவேணி. “குன்னூர்ல வர்க்கி பிஸ்கட் வாங்கணும். போன தடவை நீங்க வாங்கினது நமுத்துப்போயிருந்துது. எந்தக் கடை அது?”

“பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடை.”

“அந்தக் கடை வேண்டாம். மார்க்கெட்டுக்குள்ள ஒரு பேக்கரி இருக்குது, விறகு அடுப்புல சுடறாங்க. சூடா இருக்கும்போதே வாங்கிடணும். சம்பந்தி வீட்டுக்கு ஒரு கிலோ, நமக்கு அரைக் கிலோ...”

“நமக்கும் ஒரு கிலோ” என்றார் டாக்டர்.

“உங்களுக்குச் சர்க்கரை இருக்குது.”

“வர்க்கியில ஏது சர்க்கரை?”

“மேல தூவியிருக்கறது என்ன, உப்பா?”

கமலவேணி பேசிக்கொண்டே இருந்தார். சம்பந்தி வீட்டைப் பற்றி, பேக்கரிக்காரரின் புது மீசையைப் பற்றி. திடீரென்று டாக்டருக்கு ஒன்று தோன்றியது. கியர் அலறும்போதெல்லாம் கமலவேணி கண்ணை மூடிக்கொள்வார், பேச்சை நிறுத்திவிடுவார். வெகுநேரமாக அவர் பேச்சு நிற்கவேயில்லை.

சாலையோரப் பலகையைப் பார்த்தார். கடைசியான பதினான்காவது வளைவும் பின்னால் போயிருந்தது.

குன்னூரில் சங்கத்துக்காரர்கள் மாலை போட்டார்கள். டாக்டருக்கு ஒன்று, லாரிக்கு ஒன்று. லாரியின் மாலை பெரியது. குப்புராஜ் வந்து சேர்ந்தார். லாரியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பானட்டைத் தொட்டார். சூடாக இருந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

“என்னங்க பண்றது, வாசல் காலியா இருக்குது” என்றார்.

“ஒரு யானை பொம்மை வாங்கி வைங்க” என்றார் கமலவேணி. “அதுக்குக் கியர் கிடையாது.”

குப்புராஜ் சிரித்துவிட்டார். “ஒரு ரவுண்டு என்னை உள்ளே உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போவீங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“அதுக்கென்னங்க, ரெண்டு ரவுண்டு போலாம்” என்றார் டாக்டர்.

அரைமணி நேரம் கழித்து ஒரு பழைய ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து ரெஜினா குதித்து இறங்கினார். தலையெல்லாம் தூசி. கையில் வழியில் வாங்கிய ஒரு கட்டுக் காரட். ஒன்றைக் கடித்துக்கொண்டே வந்தார்.

டாக்டர் ஓடிப்போய்த் தன் மாலையைக் கழற்றி நீட்டினார். ரெஜினா அதை வாங்கி ஜீப்காரர் கழுத்தில் போட்டார்.

“குருவே, ஒரு சந்தேகம்.”

“கேளுங்க.”

“எட்டாவது வளைவுலேருந்து ஒரு சத்தம்கூட வரலை. கமலவேணி சாட்சி. ஆனா எப்போ கிளட்ச்சை மிதிச்சேன், எவ்வளவு நேரம் காத்திருந்தேன், எதுவுமே எனக்கு ஞாபகமில்லை. நான் சரியா என்ன செஞ்சேன்?”

ரெஜினா ஒரு காரட்டை முறித்துப் பாதியை அவரிடம் கொடுத்தார்.

“எனக்கு எப்படிங்க தெரியும் டாக்டர்? நான் வண்டியில இல்லையே.”