ஆறு பத்து பஸ்

“ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும்னு ஆசைப்பட்டேனுங்க டீச்சர். அது தப்பா?”

கேட்டவர் தணிகாசலம். மலைக்காரர். தேயிலை ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியனாக இருந்து, ஃபேக்டரியை மூடியதும் ஐம்பது வயதுக்கு மேல் கம்ப்யூட்டர் கற்க இறங்கி வந்தவர். இப்போது டீச்சரின் ஆபீஸிலேயே வேலை.

டீச்சர் ஹமீதாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். கடற்கரை ஊர்க்காரர். மலையடிவாரத்துக்கு வேலைக்கு வந்து வருடங்கள் ஆகியும் ஒரு தடவைகூட மேலே ஏறியதில்லை. வளைவுகளைக் கீழிருந்து பார்த்தாலே தலை சுற்றுகிறது என்பார்.

கேள்வி கேட்டால் அவர் நேராகப் பதில் சொல்லமாட்டார். பாதிப் பேர் அதற்காகவே அவரிடம் படிக்க வந்தார்கள். மீதிப் பேர் அதற்காகவே ஓடிப்போனார்கள்.

“எந்த ரெண்டு பக்கம்?” என்றார் ஹமீதா.

“எர்னஸ்ட் எழுதுற ஃபோல்டர் ஒண்ணு. நம்ம ரெப்போ ஒண்ணு.”

எர்னஸ்ட் பஸ் ஸ்டாண்டின் டைம் கீப்பர். மலை பஸ்களின் நேரத்தை, கிளவுடில் ஒரு ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைலில் எழுதுவார். ஹமீதாவின் ஆபீஸ் நடத்தும் பஸ் ஆப் அந்த ஃபோல்டரைப் பார்க்காது. நிரல் முழுவதும் இருக்கும் கிடங்கைத்தான் பார்க்கும். அந்தக் கிடங்குதான் ரெப்போ. ஃபோல்டரிலிருந்து ரெப்போவுக்குத் தினமும் காப்பி எடுத்து வைப்பது தணிகாசலத்தின் வேலை.

எலெக்ட்ரீஷியனுக்கு அது பொறுக்குமா? ஒரு ஒயரை இழுத்தார். நிஜ ஒயர் இல்லை, பேச்சுக்குத்தான் ஒயர். ஃபோல்டரில் ஃபைல் மாறினால் தானாகவே ரெப்போவுக்குப் போய்விடும். அழகாக ஓடியது. ஆபீஸே கை தட்டியது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ரெப்போவில் ஏதாவது மாறினால் அது ஃபோல்டருக்கும் தானாகப் போகட்டுமே என்று இரண்டாவது ஒயரையும் இழுத்தார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை அங்கேதான் ஆரம்பித்தது.

மண்சரிவுக்குப் பிறகு மலை செக்போஸ்ட்டைச் சீக்கிரம் அடைக்கிறார்கள். அதனால் பாலத்தடி நிறுத்தத்துக்கு ஆறு நாற்பதுக்கு வரும் கடைசி பஸ்ஸை ஆறு பத்துக்கு மாற்றி எழுதினார் எர்னஸ்ட். அதே வேளையில் தணிகாசலம் ரெப்போ பக்கம் நிறுத்தங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது காலையில் எடுத்த பிரதி. அது பின்னால் போய்ச் சேர்ந்து ஆறு பத்தை அழித்தது.

எர்னஸ்ட் மேலும் இரண்டு தடவை எழுதினார். பழையது சுற்றி வந்து இரண்டு தடவையும் அழித்தது. ஒரு பக்கம் அனுப்பியதை மறுபக்கம் புது மாற்றம் என்று எண்ணித் திருப்பி அனுப்பியது. இரண்டும் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டதில் தணிகாசலத்தின் போன் ஓயாமல் டிங் அடித்தது. வேலை ஜோராக நடக்கிறது என்று நினைத்தார் மனிதர்.

நேற்று சாயங்காலம், எஸ்டேட்டில் கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள் ஆப்பை நம்பி ஆறரைக்குப் பாலத்தடியில் வந்து நின்றார்கள். பஸ் போய்விட்டிருந்தது. யானை நடமாடும் ரோட்டில் மேலே இருக்கும் தங்கள் ஊரான புலிச்சோலை வரைக்கும் நடந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது அந்த யானைகளின் பெருந்தன்மை.

“இப்ப?” என்றார் ஹமீதா.

“ரெண்டு ஒயரையும் பிடுங்கிட்டேன். ஆறு பத்தைக் கையால ஏத்தி வெச்சிருக்கேன். ஆனா எர்னஸ்ட் நாளையிலிருந்து அந்த ஃபைலைத் தொடமாட்டாராம். பஸ் ஸ்டாண்டு போர்டுல சாக்பீஸால எழுதறேன், வேணுங்கறவங்க வந்து பாத்துக்கட்டும்னுட்டார்.”

“பாலத்தடில நிக்கிறவங்க?”

தணிகாசலம் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார். அங்கிருந்து போர்டு எப்படித் தெரியும்? அவருடைய அக்காவும் புலிச்சோலையில்தான் இருக்கிறாள்.

“ரெண்டு பக்கமும் மோதிக்கிட்டா எது சரின்னு மிஷினுக்கு எப்படி டீச்சர் தெரியும்? பின்னால வந்தது ஜெயிக்கட்டும்னு வெச்சுக்கலாமா?”

“நேத்து அதானே ஜெயிச்சது.”

“சரி, முன்னால வந்தது?”

“அப்ப எர்னஸ்ட் எந்த நேரத்தையும் மாத்தவே முடியாது.”

“மோதுறப்பல்லாம் என்னைக் கூப்பிட்டுக் கேக்கட்டும்.”

“உங்களைத் தூங்க விடாம இருக்கவா இவ்வளவு வேலை பண்ணீங்க?”



ஹமீதா எழுந்தார். “லேப்டாப்பை எடுத்துக்கோங்க சார். அந்த பஸ்ல போயிட்டு வரலாம்.”

“டீச்சர், அது கடைசி பஸ். மேலயே நின்னுடும். காலைலதான் திரும்பும்.”

“உங்க அக்கா எனக்கு ஒரு பாய் போடமாட்டாங்களா?”

பஸ் ஸ்டாண்டில் எர்னஸ்ட் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். தணிகாசலத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எர்னஸ்ட், நாளைக்கு ஒரு நாளைக்காவது...”

“வேண்டாம் சார். மூணு தடவை எழுதினேன். மூணு தடவையும் அழிச்சீங்க. கையெழுத்துக்கு மரியாதை இல்லாத இடத்துல எனக்கு என்ன வேலை?”

விசில் ஊதினார். பஸ் கிளம்பியது.

ஹமீதா ஜன்னலோரம் உட்கார்ந்து, வாங்கி வந்த எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டார். முதல் வளைவில் கண்ணை மூடினார். அடுத்ததில் திறந்தார். பிறகு மூடவே இல்லை.

பாலத்தடிக்கு முந்தின வளைவில் எதிரே ஒரு லாரி வந்தது. புது லாரி, முழு லோடு. இவர்களுடைய பஸ்ஸோ இருமிக்கொண்டு ஏறும் பழைய வண்டி. ரோடு ஒரு வண்டிக்குத்தான் இடம் கொடுக்கும்.

லாரி நின்றது. பின்னால் போனது. வந்த வழியே முனகிக்கொண்டு மேலேறி, ஓர் அகலமான இடத்தில் ஒதுங்கியது. பஸ் நிற்காமல் கடந்தது. டிரைவர் கையைத் தூக்கினார், லாரிக்காரரும் தூக்கினார்.

“அது ஏன் பின்னால போச்சு?” என்றார் ஹமீதா.

டீச்சர் பரீட்சை வைக்கிறார் என்று புரிந்தது தணிகாசலத்துக்கு. நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஏறுற வண்டிக்கு இறங்குற வண்டி ஒதுங்கணுங்க.”

“அது பெரிய வண்டியாச்சே?”

“இருந்தா என்னங்க?”

“வளைவுக்கு முதல்ல வந்ததும் அதுதான்.”

“யார் முதல்ல வந்தாலும் அப்படித்தான்.”

“இறங்கி நின்னு, நீயா நானான்னு பேசிக்க மாட்டாங்களா?”

“வளைவுல வந்து பேசினா ரெண்டும் அங்கயே நிக்க வேண்டியதுதான். இதெல்லாம் கிளம்பறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும் டீச்சர்.”

“அதென்ன ஏறுறதுக்கு மட்டும் அவ்வளவு சலுகை?”

“ஏறுறது நின்னுட்டா மறுபடி கிளப்பறது பெரும்பாடு. இறங்குறதுக்கு என்ன, எப்ப வேணும்னாலும் இறங்கிக்கும்.”

சொல்லிவிட்டு தணிகாசலம் வெளியே பார்த்தார். பின்னால் அந்த லாரி மெதுவாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அது கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்தார்.

பிறகு அவசர அவசரமாக லேப்டாப்பைத் திறந்தார்.

பாலத்தடியில் பஸ் நின்றது. மணி ஆறு பத்து. கூடைகளோடு பெண்கள் ஏறினார்கள். ஒருத்தி போனைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவளிடம், “இன்னிக்கி சரியாத்தான் காட்டுது. நாளைக்கு என்ன கூத்தோ” என்றாள்.

சுருக்கென்றது தணிகாசலத்துக்கு. தலையைக் குனிந்தபடியே வேலை பார்த்தார்.

நிறுத்தங்களின் வரிசையை நேரத்திலிருந்து பிரித்து, ரெப்போவில் தனி ஃபைலாக வைத்தார். ஃபோல்டரிலிருந்து ரெப்போவுக்கு வரும் முதல் ஒயரை மறுபடி மாட்டினார். ரெப்போவிலிருந்து ஃபோல்டருக்குப் போன, பிடுங்கி வைத்திருந்த இரண்டாவது ஒயரை அடியோடு அழித்தார். அழிக்கும்போது கொஞ்சம் வலித்தது. ஆசையாகச் செய்தது.

எர்னஸ்டுக்குப் போன் போட்டார்.

“ஒரே ஒரு தடவை எழுதிப் பாருங்க எர்னஸ்ட். இனிமே உங்க எழுத்து மேல எதுவும் வராது. ஒதுங்க வேண்டியது எங்க பக்கம்தான்.”

“எதுக்கு ஒதுங்கணும்?”

“நீங்க ஏறி வர்றீங்க.”

 எர்னஸ்ட் முப்பது வருடமாக மலை பஸ்களை அனுப்புகிற மனிதர். போனை வைத்துவிட்டார்.

பஸ் இன்னும் சில வளைவுகள் ஏறியது. தணிகாசலம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். 

டிங்.

எர்னஸ்டின் ஃபைல் மாறியிருந்தது. காலை முதல் பஸ், ஐந்தே முக்காலுக்குப் பதில் ஐந்தரை. ஆப்பைத் திறந்தார். அங்கேயும் ஐந்தரை.

திருப்பி அழிக்கும் அடுத்த டிங் வருமா என்று காத்திருந்தார். வரவில்லை. புலிச்சோலை வந்து, பெண்கள் எல்லாரும் இறங்கிப் போன பிறகும் வரவில்லை.

அப்போதுதான் அவருக்கு மூச்சே சீராக வந்தது. கூடவே செல்லமாக ஒரு கோபமும் வந்தது.

“ஏன் டீச்சர், இதை ஆபீஸ்லயே சொல்லியிருக்கலாமே? இந்தப் பாடத்துக்காக மலையெல்லாம் ஏறணுமா?”

ஹமீதா எலுமிச்சம்பழத்தை மூக்கருகிலிருந்து எடுத்தார்.

“எனக்கு எப்படி சார் தெரியும்? அந்தப் பொம்பளைங்க விட்ட பஸ்ஸை ஒரு தடவை பாக்கணும்னு வந்தேன். லாரி ஏன் பின்னால போச்சுன்னு தெரியல. உங்ககிட்ட கேட்டேன்.”