படகில் இடம் கிடைக்காத ஓட்டக்காரன்

பொன்னும் சனமும் பொங்கி வழிந்த ஒரு நாடு, ஓட்டப்பந்தயத்தில் துக்கடா தீவு ஒன்றிடம் தோற்றுப்போனது.

"தீவுக்குப் போகும்போது படகோட்டி சேந்தன் படகை ஆட்டி ஆட்டி ஓட்டினான். நம் வீரனுக்குத் தலை சுற்றிவிட்டது" என்று மந்திரி பழி போட்டார்.

"இல்லையென்று காட்டு. இல்லாவிட்டால் தூக்குதான்!" என்று ராஜா சேந்தனைப் பார்த்துக் கத்தினார்.

சேந்தன் கும்பிட்டான். "மகாராஜா, படகில் மந்திரி, அவர் மச்சான், மச்சானுக்குச் சமையல்காரன், மாலை போட ஆட்கள் எல்லாரும் ஏறினார்கள். ஓட்டக்காரனுக்கு இடமில்லை. அவன் கரையோரமாகவே ஓடிப் படகை முந்தினான். கரை முடிந்ததும் நின்றுவிட்டான். பந்தயத்தில் ஓடியது மச்சான்தான்."

மந்திரிக்கு இப்போது நிஜமாகவே தலை சுற்றியது.

ராஜா கேட்டார்: "ஏன், அந்தத் தீவு மந்திரிக்கு மச்சானே கிடையாதா?"

"உண்டு மகாராஜா. ஓடினவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்."